சைலன்சரைக் கழற்றினால் கார் கூடுதலாக இழுக்குமா? ஒரு 121 காருக்கான பதில்

தம்பி, உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருகோணமலை உவர்மலையில் இருக்கிறீர்கள், கையில் ஒரு ரொயோட்டா 121 கொரோலா, உள்ளே 1.5 லீற்றர் என்சட் எஞ்சின். பின் சைலன்சர் கறள் பிடித்து ஓட்டை விழுந்துவிட்டது. கராச்காரர் "இரண்டரை அங்குலத்தில நேர்க்குழாய் அடிச்சுத் தாறன், 15 குதிரைவலு கூடும்" என்கிறார். வீட்டில் மாமா "பாக் பிரஷர் இல்லாட்டி எஞ்சின் இழுக்காது, வால்வும் எரிஞ்சுபோகும்" என்கிறார். பாக் பிரஷர் என்பது புகை வெளியேறுவதை எதிர்த்து நிற்கும் அழுத்தம். யார் சொல்வது சரி என்று கேட்கிறீர்கள்.

இரண்டு பேர் சொல்வதும் பிழை. மாமா சொல்வதில் கொஞ்சம் பழைய உண்மை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன். கராச்காரரின் 15 குதிரைவலுவை முதலில் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

உங்கள் எஞ்சின் நிமிடத்துக்கு 6000 சுற்றில் சுமார் 109 குதிரைவலு தரக்கூடியது. அந்த வேகத்தில் முழு ஆக்சிலரேற்றரில் அது வினாடிக்கு 70 லீற்றர் அளவு காற்றை உள்ளே இழுக்கிறது. வெளியே வரும்போது அதே காற்று 600 பாகை சூட்டில் விரிந்து 200 லீற்றருக்கு மேல் ஆகிவிடும். இவ்வளவும் ஒரு குழாயால் போகவேண்டும். குழாயின் உள்விட்டம் 45 மில்லிமீற்றர் என்று வைத்தால் புகையின் வேகம் வினாடிக்கு 130 மீற்றரைத் தாண்டும். 63 மில்லிமீற்றர், அதாவது கராச்காரர் சொன்ன இரண்டரை அங்குலம் என்றால், அதில் பாதி.

வேகம் கூடினால் தடை கூடும், அதுவும் இரட்டிப்பு வேகத்துக்கு நான்கு மடங்கு. அதனால் குழாயைப் பெருப்பித்தால் தடை குறையும் என்பது உண்மைதான். ஆனால் அதில் எவ்வளவு வலு கிடைக்கும்? புகைக்குழாயில் 10 கிலோபாஸ்கல் அழுத்தத்தைக் குறைத்தால், பிஸ்டன் புகையைத் தள்ளும் வேலையில் மிச்சமாவது மொத்த வலுவில் ஏறக்குறைய 1 சதவீதம். சிலிண்டருக்குள் தங்கும் பழைய புகை குறைவதால் இன்னும் கொஞ்சம் சேரும், அதையும் கூட்டி ஒன்றரை என்று வைப்போம். அப்படியென்றால் 15 குதிரைவலு கூட வேண்டுமானால் 90, 100 கிலோபாஸ்கல் குறைய வேண்டும். அது ஒரு முழு வளிமண்டல அழுத்தம். உங்கள் சைலன்சரில் அவ்வளவு அடைப்பு இருந்தால் கார் கன்னியா வெந்நீர்க் கிணறு வரைக்கும் போய்ச் சேராது.

நல்ல நிலையில் இருக்கும் கொம்பனிச் சைலன்சரைக் கழற்றி எறிந்தால் உங்களுக்குக் கிடைக்கக்கூடியது 2, மிஞ்சினால் 3 குதிரைவலு. அதுவும் 5000 சுற்றுக்கு மேலே. திருகோணமலை ரவுணுக்குள் நீங்கள் 2000 சுற்றில் ஓடும்போது புகையின் அளவே மிகக் குறைவு, அங்கே வித்தியாசம் கையிலும் தெரியாது, காலிலும் தெரியாது. காதில் மட்டும் தெரியும்.

அந்தக் காதுதான் பலரை ஏமாற்றுகிறது. சத்தம் 10 டெசிபல் கூடினால் காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். முன்பு 4000 சுற்றில் கேட்ட சத்தம் இப்போது 2500 சுற்றிலேயே கேட்டால், கார் சீறிப் பாய்கிறது என்று மனம் தானாகவே முடிவு கட்டிவிடும். என்னிடம் வந்த பெடியன் ஒருவன் நேர்க்குழாய் போட்டபிறகு "அண்ணே, வண்டி பறக்குது" என்றான். இரண்டாம் கியரில் 30 இலிருந்து 70 வரை ஸ்டொப் வாச் வைத்து நான்கு தடவை ஓடினோம். சைலன்சர் இருந்தபோது அவன் எடுத்த நேரத்துக்கும் இதற்கும் இருந்த வித்தியாசத்தைவிட, ஒரு ஓட்டத்துக்கும் அடுத்த ஓட்டத்துக்கும் இருந்த வித்தியாசம் பெரிது. அவன் முகம் விழுந்துபோனது. ஆனால் குழாயைக் கழற்றவில்லை.

சரி, அப்படியென்றால் புகைக்குழாய் வடிவத்தால் வலு கூடவே கூடாதா? கூடும், நன்றாகவே கூடும். ஆனால் அந்த வித்தை சைலன்சரில் இல்லை, எஞ்சினோடு ஒட்டி இருந்து எல்லாச் சிலிண்டர்களின் புகையையும் ஒன்றுசேர்க்கும் மனிபோல்டில் இருக்கிறது. சொல்ல ஆசையான இடம் என்பதால் இங்கே கொஞ்சம் நின்றுதான் போகப்போகிறேன்.

பிஸ்டன் மேலே வந்து புகையைத் தள்ளுகிறது என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அது பாதி உண்மை. பிஸ்டன் கீழே முழுதாக இறங்க முன்பே, புகையை வெளியே விடும் எக்ஸ்ஹோஸ்ட் வால்வு திறந்துவிடும். அப்போது சிலிண்டருக்குள் இன்னும் சில வளிமண்டல அளவு அழுத்தம் இருக்கிறது. சோடாப் போத்தலைத் திறந்ததுபோல, புகையில் பெரும்பங்கு தன்பாட்டில் பீறிட்டு வெளியேறும். பிஸ்டன் தள்ளுவது மிச்சத்தைத்தான்.

இந்தப் பீறிடல் குழாய்க்குள் ஒரு அழுத்த அலையாக ஓடுகிறது. புகை நகரும் வேகம் வேறு, அலை ஓடும் வேகம் வேறு. அலை ஓடுவது ஒலியின் வேகத்தில். சூடான புகையில் அது வினாடிக்கு 500 முதல் 600 மீற்றர் வரை.

இனி, திருக்கடலூரில் கரைவலை இழுப்பதைப் பார்த்திருப்பீர்கள்தானே. கயிற்றின் ஒரு நுனியைத் தென்னையில் இறுக்கிக் கட்டிவிட்டு மறு நுனியைப் பிடித்து ஒரு உதறு உதறிப் பாருங்கள். மேடாகப் புறப்படும் அலை தென்னையில் முட்டிப் பள்ளமாகத் திரும்பி வரும். குழாயிலும் அதுபோலத்தான். அழுத்தமாகப் போகும் அலை, குழாய் திடீரென்று அகலும் இடத்தையோ திறந்த வாயையோ அடைந்ததும் உறிஞ்சலாக மாறித் திரும்பி வரும். அந்த உறிஞ்சல் வால்வடிக்கு வந்து சேரும் நேரத்தில் வால்வு இன்னும் திறந்திருந்தால், சிலிண்டருக்குள் மிஞ்சிய புகையை அது வெளியே இழுக்கும். காற்றை உள்ளே விடும் இன்ரேக் வால்வும் அப்போது திறக்கத் தொடங்கியிருந்தால், பிஸ்டன் கீழே இறங்க முன்பே புதுக்காற்று உள்ளே வர ஆரம்பித்துவிடும். காசில்லாமல் கிடைக்கும் வலு இதுதான்.

எல்லாம் நேரக்கணக்கு. வால்வு திறந்து எஞ்சின் சுமார் 120 பாகை (முழுச் சுற்று 360 பாகை) சுழல்வதற்குள் அந்த உறிஞ்சல் திரும்பி வரவேண்டும், வால்வு மூடும்வரை நின்று இழுக்கவேண்டும் என்பது குழாய் செய்பவர்களின் பழைய கணக்கு. 6000 சுற்றில் 120 பாகைக்கு எடுக்கும் நேரம் ஒரு வினாடியின் முந்நூறில் ஒரு பங்கு. 550 மீற்றர் வேகத்தில் அலை அந்த நேரத்தில் 1.8 மீற்றர் ஓடும். போகவும் வரவும் சேர்த்து அவ்வளவு என்பதால் குழாயின் நீளம் 90 சென்ரிமீற்றர். அதே வேலையை 3000 சுற்றில் செய்ய வேண்டுமானால் 1.8 மீற்றர் வேண்டும். ஒரு நீளம் ஒரு சுற்று வேகத்துக்குத்தான் பொருந்தும். அந்த வேகத்தைத் தாண்டியோ குறைந்தோ ஓடும்போது, அதே அலை வரக்கூடாத நேரத்தில் அழுத்தமாக வந்து புகையைத் திரும்ப உள்ளே தள்ளும். அதனால் "எல்லா வேகத்திலும் கூடும்" என்று யாராவது ஒரு மனிபோல்டை விற்றால், கையைக் கட்டிக்கொண்டு சிரித்துவிட்டு வாருங்கள்.

நான்கு சிலிண்டர் என்றால் இன்னொரு சிக்கல். 1-3-4-2 என்ற வரிசையில் 180 பாகைக்கு ஒன்றாக வெடிக்கிறது. ஒவ்வொரு எக்ஸ்ஹோஸ்ட் வால்வும் 180 பாகையை விடக் கூடுதல் நேரம் திறந்திருக்கும். ஆகவே ஒன்று முடிக்க முன்பே அடுத்தது பீறிட்டுவிடும். நான்கு வாயும் ஒரு குறுகிய பெட்டிக்குள் திறந்தால், 3 விட்ட புகை 1 இன் வால்வுக்குள் போய் முட்டும். அதனால்தான் 1 ஐயும் 4 ஐயும் ஒரு சோடியாகவும், 2 ஐயும் 3 ஐயும் இன்னொரு சோடியாகவும் சேர்த்துப் பிறகு ஒன்றாக்குகிறார்கள். சோடிக்குள் ஒன்றுக்கொன்று 360 பாகை தூரம், தொந்தரவு இல்லை. 4-2-1 என்று சொல்வது இதைத்தான். அது நடு வேகத்தில் இழுவை தரும். நான்கையும் ஒரே இடத்தில் சேர்க்கும் 4-1 உச்ச வேகத்துக்கு, பந்தயக்காரருக்கு. மஸ்டா கொம்பனி 2012 இல் சி.எக்ஸ்-5 ஐக் கொண்டு வந்தபோது அதன் 2 லீற்றர் பெற்றோல் எஞ்சினுக்கு நீளமான 4-2-1 குழாயைக் கொம்பனியிலேயே போட்டது. பழைய புகையை ஒழுங்காக வெளியேற்றியதால் நொக் அடிக்காமல் (கலவை தானாக வெடிக்காமல்) கொம்ப்ரஷனை, அதாவது கலவையை அமுக்கும் அளவை, வழமையை விட உயர்த்த முடிந்தது. பதிலுக்கு, நீளக்குழாயில் சூடு குறைந்து, புகையைச் சுத்தப்படுத்தும் கொன்வேட்டர் சூடேறத் தாமதமானது, அதற்கு அவர்கள் வேறு வழி பார்க்க வேண்டி வந்தது.

பின் சைலன்சரை அந்த அலைகள் அடையும்போது அவற்றின் பலம் பெரும்பாலும் தீர்ந்துபோயிருக்கும், இடையில் கொன்வேட்டரும் நடுப்பெட்டி எனும் நடுச் சைலன்சரும் இருக்கின்றன. அதனால் உங்கள் எஞ்சினுக்குப் பின் சைலன்சர் வெறும் தடை மட்டும்தான், மேலே போட்ட கணக்கு அதற்குத்தான்.

இப்போது மாமாவிடம் வருவோம். "பாக் பிரஷர் வேணும்" என்ற கதை எங்கிருந்து வந்தது? எனக்குத் தெரிந்து இரண்டு இடம். ஒன்று, டூ ஸ்ட்ரோக். அதில் வால்வு இல்லை, புதுக்கலவை எக்ஸ்ஹோஸ்ட் வாயால் வெளியே ஒழுகும். பின்பக்கம் கூம்பாக ஒடுங்கும் குழாய் ஒன்றைப் பூட்டினால், அதிலிருந்து திரும்பும் அழுத்த அலை ஒழுகிய கலவையைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். கிழக்கு ஜேர்மனியில் எம்.இசட் என்ற மோட்டார் சைக்கிள் கொம்பனியின் வால்டர் காடன் இதை 1950களில் நுணுக்கமாக ஆராய்ந்து, 1961 இல் 125 சீசீ எஞ்சினிலிருந்து 25 குதிரைவலு எடுத்தார். லீற்றருக்கு 200! உங்கள் கொரோலாவுக்கு லீற்றருக்கு 73 தான். அதே ஆண்டு அவருடைய பந்தய ஓட்டுநர் ஏர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பியோடி, அந்த நுட்பத்தோடு சுசுகியில் சேர்ந்தார். 1962 இல் சுசுகி 50 சீசீ உலகப் பட்டத்தை வென்றது. ஒரு புகைக்குழாயின் வடிவத்துக்கு இரும்புத்திரை தாண்டிய களவு நடந்திருக்கிறது என்றால் பாருங்கள். நம்மூர்ப் பழைய டூ ஸ்ட்ரோக் ஆட்டோவில் சைலன்சரைக் கழற்றி ஓடிப் பார்த்தவர்களுக்கு அது இழுக்காமல் போனது உண்மை. மாமாவின் தலைமுறை அதைக் கண்ணால் கண்டது.

மற்றது காபரேற்றர், பழைய கார்களில் பெற்றோலையும் காற்றையும் கலந்துகொடுக்கும் கருவி. குழாயைத் திறந்துவிட்டால் காற்றோட்டம் மாறிக் கலவை மெலிந்துபோகும், பெற்றோல் அளவைத் தீர்மானிக்கும் காபரேற்றர் ஜெட்டை யாரும் மாற்றுவதில்லை, சூடு ஏறி வால்வு எரியும். குற்றம் ஜெட்டில், பழி பாக் பிரஷர் இல்லாததில். உங்கள் காரில் கொம்பியூற்றர் இருக்கிறது, வரும் காற்றை அளந்து பெற்றோல் விடும். வால்வு எரியாது.

ஆனால் குழாயைத் தேவைக்கு மேல் பெருப்பித்தால் குறைந்த வேகத்தில் இழுவை குறைவதாகப் பலர் சொல்வது முழுப் பொய்யும் இல்லை. மனிபோல்டுக் கிளைகளைப் பெருப்பித்தால் புகையின் ஓட்டம் சோம்பிவிடும், அலையின் கூர்மை மழுங்கும். குறைந்தது அழுத்தம் அல்ல, வேகமும் நேரமும். இதைத்தான் பாக் பிரஷர் என்று தவறாகப் பெயர் வைத்துவிட்டார்கள்.

டர்போ டீசல் வான் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், உங்கள் கணக்கு வேறு. புகையால் சுழலும் டர்பைனுக்குப் பின்னால் தடை குறைந்தால் அது நேரடியாகப் பூஸ்டில், அதாவது உள்ளே தள்ளப்படும் காற்றின் அழுத்தத்தில், தெரியும், அங்கே குழாயைப் பெருப்பிப்பதில் அர்த்தம் இருக்கிறது.

உங்கள் காருக்குத் திரும்புவோம். வலு குறைந்திருக்கிறது என்ற எண்ணத்தில்தான் இதெல்லாம் யோசிக்கிறீர்கள் என்றால், குழாயை வெட்ட முன்பு கொன்வேட்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதை நான் அடிக்கடி காண்கிறேன். கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது, 60க்கு மேல் ஏறாது. கிளட்ச், பெற்றோல் பம்ப், பிளக் என்று மூன்று இடத்தில் செலவழித்துவிட்டு வந்திருந்தார்கள். கொன்வேட்டருக்கு முன்னாலிருக்கும் ஒக்சிஜன் சென்சரைக் கழற்றி அந்த ஓட்டையில் ஒரு பிரஷர் கேஜைப் பூட்டினேன். ஐட்லிங்கில் 1.25 பி.எஸ்.ஐ.க்குக் கீழேயும், 2500 சுற்றில் 3 பி.எஸ்.ஐ.க்குக் கீழேயும் நிற்க வேண்டிய முள் 9 இல் நின்றது. திறந்தால் கொன்வேட்டருக்குள் தேன்கூடு போன்ற பகுதி உருகி ஒரு கட்டியாகக் கிடந்தது. நீண்டநாள் ஒரு பிளக் சரியாக வெடிக்காமல் ஓடியிருக்கிறார்கள், எரியாத பெற்றோல் அங்கே போய் எரிந்திருக்கிறது. அந்தக் காருக்கு 15 இல்லை, 40 குதிரைவலு திரும்பி வந்திருக்கும். அப்படியான ஒரு காரில் கொன்வேட்டரை எடுத்துவிட்டு நேர்க்குழாய் போட்டவர் "சைலன்சர் மாத்தினதும் பறக்குது" என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார். இந்தக் கதைகளில் பாதி அப்படிப் பிறந்தவை.

நல்ல கொன்வேட்டரைக் கழற்ற வேண்டாம். எமிஷன் டெஸ்டில் பெயிலாவீர்கள், டாஷ் போர்டில் எஞ்சின் லைற் எரியும், பின்னால் வருபவர் மூக்கைப் பொத்துவார். உள்ளே பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் இருப்பதால் கழற்றிய கொன்வேட்டருக்கு வெளியில் நல்ல விலை. இலவசமாகவே கழற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் காரணம் அதுதான்.

ஓட்டை விழுந்த இடமும் முக்கியம். பின் சைலன்சரில் ஓட்டை என்றால் சத்தம் மட்டும். மனிபோல்டுக்கும் முதல் சென்சருக்கும் இடையில் வெடிப்பு என்றால் கதை வேறு. அலையின் உறிஞ்சும் பக்கம் வரும்போது வெளிக்காற்று அதற்குள் புகும், சென்சர் அதைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்று நினைக்கும், கொம்பியூற்றர் பெற்றோலைக் கூட்டும். பெற்றோல் குடிக்கிறது என்று வரும் பல 121களுக்கு இதுதான் நோய். ஐட்லிங்கில் விட்டுத் தடித்த ஈரத்துணியால் பின்வாயை ஒரு சில வினாடி பொத்துங்கள். எங்கே ஓட்டையோ அங்கே சீறும்.

நம்மூரில் சைலன்சர் ஏன் இப்படிச் சீக்கிரம் உக்குகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். எல்லோரும் கடற்காற்றைத்தான் சொல்வார்கள். வெளிப்பக்கத்துக்கு அது சரி. ஆனால் சைலன்சர் பெரும்பாலும் உள்ளிருந்துதான் உக்குகிறது. ஒரு லீற்றர் பெற்றோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லீற்றர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட ஓட்டத்தில் அது ஆவியாகப் போய்விடும். நீங்கள் உவர்மலையிலிருந்து சந்தைக்கும், சந்தையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கும் ஓடினால் பின்பெட்டி சூடேறவே ஏறாது. அமிலம் கலந்த தண்ணீர் அதற்குள் தேங்கி நிற்கும். அடியில் ஒரு சின்னத் துளை இருக்கும், அது வடிவதற்காக வைத்தது, ஓட்டை என்று நினைத்து வெல்டிங் வைத்து அடைத்துவிடாதீர்கள். கிழமைக்கு ஒரு தடவையாவது நிலாவெளிக்குப் போய் வாருங்கள், சைலன்சருக்கும் நல்லது, வீட்டில் உள்ளவர்களுக்கும் நல்லது.

இனி என்ன போடுவது? கொம்பனிச் சைலன்சருக்குள் தட்டுகளும் அறைகளும் இருக்கும், புகை வளைந்து திரும்பிப் போகும், அறைகளில் அலைகள் ஒன்றையொன்று மோதிச் சத்தம் அடங்கும். சத்தத்துக்கு நல்லது, தடை கொஞ்சம் கூட. மற்ற வகையில் துளை போட்ட நேர்க்குழாய் ஒன்று, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. புகை நேராகப் போகும், கூர்ச் சத்தத்தைப் பஞ்சு குடிக்கும், தாழ்ந்த சத்தம் தப்பிவிடும். உங்களுக்கு ஆசை இருந்தால் இந்த இரண்டாவதைப் போடுங்கள், ஆனால் நடுப்பெட்டியை அப்படியே வைத்திருங்கள். அதை எடுத்தால் 3000 சுற்றில் வினாடிக்கு 100 அதிர்வு உள்ள ஒரு "ஹூம்" காருக்குள் நிற்கும். ஹபரணைக் காட்டுவழியில் ரசிப்பீர்கள், குருநாகல் வரும்போது தலை இடிக்கும்.

குழாய் 50 மில்லிமீற்றருக்கு மேல் வேண்டாம். விட்டத்தைவிட வளைவைக் கவனியுங்கள். சாதாரண வளைப்பானில் வளைத்தால் உட்பக்கம் நசுங்கி, 50 போட்ட இடத்தில் 40 தான் மிஞ்சும். முழு வட்டமாக வளைத்த துண்டுகளை வாங்கி ஒட்டச் சொல்லுங்கள். ஸ்டெயின்லஸ் என்றால் காந்தத்தை வைத்துப் பார்க்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. 304 என்ற ரகத்தில் காந்தம் பெரும்பாலும் ஒட்டாது, 409 ரகத்தைவிடக் கடற்கரைக்கு அது நல்லது. 409 இல் ஒட்டும், அது போலி இல்லை, கொம்பனிக் குழாய்களில் நிறையப் பாவிப்பது அதைத்தான், மேலே மட்டும் கொஞ்சம் கறள் நிறம் ஏறும்.

சத்தம் கூடிய சைலன்சரைப் பொலிஸ் பிடித்துக் கழற்றச் சொன்னால் குழாய்க் காசும் போய், தண்டமும் கட்ட வேண்டிவரும், அதையும் கணக்கில் சேருங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். காருக்கு அடியில் வெல்டிங் பிடிக்க முன்பு பற்றரியின் மைனஸ் வயரைக் கழற்றச் சொல்லுங்கள், எர்த்தை வெல்டிங் செய்யும் குழாயிலேயே கொழுவச் சொல்லுங்கள். கொம்பியூற்றர் எரிந்தால் அதன் விலைக்கு மூன்று சைலன்சர் வாங்கலாம்.